ஆளில்லாத நிலத்தில் 12×16 அடி குடில்: அஸ்திவாரம் முதல் பூட்டு வரை

வேர்க்கால் · #1

தார்ச்சாலையிலிருந்து 3 கி.மீ. மண் தடத்தில் உள்ளே போனால் வரும் சரிவு நிலம். மின்கம்பி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வீடு இல்லை. மாதத்தில் 5, 6 நாள் மட்டும் தங்குவதற்கு 12×16 அடியில் மரச்சட்டக் குடில் ஒன்று. மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும்.

இதுவரை போட்டிருக்கும் திட்டம்: 9 தூண் (மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று), தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் தளம், 2×4 அங்குலச் சட்டச் சுவர், தகரக் கூரை, கூரைமேல் சோலார், மழைநீர்த் தொட்டி. நான்கு ஜன்னலுக்கும் வெளியே அசையாத இரும்புக் கிரில். திட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். கட்ட ஆரம்பித்த பிறகு திருத்த முடியாதவற்றை முதலில் சொன்னால் நல்லது.

---

மூலைமட்டம் · #2

திருத்தவே முடியாதது இடம்தான். ஒரு பெருமழைக்கு அடுத்த நாள் நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும் கோடு, செடிகளின் அடியில் சருகு சிக்கி நிற்கும் உயரம், புதிதாக வந்து படிந்த வண்டல், இந்த மூன்றும் தண்ணீர் போன வழியைக் காட்டிக்கொடுக்கும். அந்த வழியிலும் சரிவின் அடிவாரத்திலும் குடில் வேண்டாம். உச்சியிலும் வேண்டாம், அங்கே காற்று முழு வேகத்தில் அடிக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தோள் மாதிரி இருக்கிற பகுதிதான் சரி. பட்ட மரம் பக்கத்தில் நின்றால் அதன் உயரத்தில் ஒன்றரை மடங்கு தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் முதலில் அதை வெட்டிவிடுங்கள்.

12×16 எடுத்தது ஒரு வகையில் நல்லது. குறுக்களவு சரியாக 20 அடி வரும். நூல் பிடித்த பிறகு இரண்டு குறுக்கும் 20 அடி காட்டினால் நான்கு மூலையும் நேர்மூலை. கால் அங்குல வித்தியாசம்கூட இந்தக் கட்டத்தில் விடக் கூடாது, கூரைத் தகரம் போடும்போது அது பல்லிளிக்கும். தூண்களின் மட்டத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளி புகும் குழாய்) போதும். சரிவில் 16 அடி தூரத்துக்கு ரசமட்டத்தை நம்ப வேண்டாம்.

தூண் கணக்கு: குழி 18 அங்குலச் சதுரம், 30 அங்குல ஆழம். அதன்மேல் 9 அங்குலச் சதுரத்தில் 18 அங்குல உயரத் தலை, நடுவில் நான்கு 10 மி.மீ. கம்பி, கம்பிகளின் கீழ்முனை வளைந்து குழிக்குள் இறங்க வேண்டும். 9 தூணுக்கும் சேர்த்துக் கான்கிரீட் ஏறக்குறைய 1.65 கன மீட்டர். 1:2:4 கலவைக்கு 50 கிலோ சிமென்ட் 11 மூட்டை (12 எடுத்துப்போங்கள்), மணல் 0.75 கன மீட்டர், 20 மி.மீ. ஜல்லி 1.5 கன மீட்டர். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும்.

உறைபனி விழும் ஊரானால் 30 அங்குலம் என்பதை மறந்துவிட்டு, உறைமட்டத்துக்குக் கீழே போகிற ஆழம் தோண்டுங்கள். கோடையில் வெடித்து மழையில் உப்பும் களிமண்ணானால் 5 அடியாவது போக வேண்டும். இல்லாவிட்டால் பருவத்துக்குப் பருவம் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு விதமாக ஏறி இறங்கும், கதவு நிலையில் உட்காராது.

தொலைவான இடத்தில் கான்கிரீட் கெடுவதற்கு முதல் காரணம் ஈரத்தோடு ஆறப்போடாததுதான். காலையில் ஊற்றிவிட்டு மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். 7 நாள் ஈரம் வேண்டும். தங்க முடியாதென்றால் ஈரச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கக் கட்டிவிட்டுப் போங்கள். கலக்க, நனைக்க, கருவி கழுவ எல்லாம் சேர்த்து 600 லிட்டர் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

---

கைமரம் · #3

நடுத்தூணுக்குத்தான் பாரம் அதிகம், அதை மட்டும் 24 அங்குலமாக அகலப்படுத்தினால் போதாதா?

---

மூலைமட்டம் · #4

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த அமைப்பில் நடுத்தூண் தாங்குவது தரையின் கால் பங்கு மட்டும். 4.5 சதுர மீட்டர், அதில் ஆள், சாமான், தரை எடை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால் 1.1 டன்.

நீளப் பக்கத்தின் நடுவில் நிற்கும் தூண்களைப் பாருங்கள். தரையில் எட்டில் ஒரு பங்கு, அதோடு 8 அடி நீளச் சுவர், அதன்மேல் இறங்கும் கூரையின் பாரம். கூட்டினால் 1.5 டன்னை ஒட்டி வரும். 18 அங்குலச் சதுரத்துக்கு அது சதுர மீட்டருக்கு 7 டன். கட்டைவிரலை நன்றாக அழுத்தியும் லேசாகத்தான் பதிகிறது என்கிற கெட்டி மண் 10 டன்னைத் தாங்கும். விரல் சுலபமாக உள்ளே போனால் அந்த இரண்டு குழிகளை 24 அங்குலமாக்குங்கள். நடுத்தூணை விட்டுவிடலாம்.

---

கைமரம் · #5

ஒத்துக்கொள்கிறேன், கூரை பக்கச் சுவரில்தான் உட்காருகிறது என்பதை யோசிக்கவில்லை.

கூரையைப் பற்றி என் பங்கு. எல்லோரும் கூரை கீழே விழாமல் இருக்கக் கணக்குப் போடுகிறார்கள். தகரக் கூரைக் குடில் போவது மேலே பறந்துதான். மணிக்கு 144 கி.மீ. காற்று, அதாவது விநாடிக்கு 40 மீட்டர், சதுர மீட்டருக்கு 98 கிலோ அழுத்தம் தரும். இந்தக் கூரை, சுவரைத் தாண்டி நீளும் இறவாணத்தோடு சேர்த்து, 28 சதுர மீட்டர். மொத்தத்தில் 2.7 டன் மேல்நோக்கி இழுக்கும். தகரம், கைமரம், ரீப்பர் (தகரத்தைத் திருகும் குறுக்குச் சட்டம்) எல்லாம் சேர்ந்து 700 கிலோதான். மீதி 2 டன்னை யாராவது கீழே பிடித்திருக்க வேண்டும்.

2 அடிக்கு ஒரு ஜோடி கைமரம் என்றால் 9 ஜோடி, 18 முனை. முனைக்குச் சராசரி 110 கிலோ, மூலைகளில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சாய்வாக அறைந்த இரண்டு ஆணி இதைத் தாங்காது. ஒவ்வொரு முனைக்கும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை, கைமரத்தின் மேல் சுற்றிச் சுவர்ச் சட்டத்தில் பக்கத்துக்கு 4 ஆணி. அங்கேயே நிறுத்தினால் பலனில்லை. சுவரின் நிற்கும் சட்டத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் பட்டை, அடிச்சட்டத்திலிருந்து உத்தரத்துக்கு போல்ட், உத்தரத்திலிருந்து தூணின் தலையில் பதித்த 12 மி.மீ. ஆங்கர் போல்ட். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுதான். 9 தூண்களின் எடை 3.5 டன்னைத் தாண்டும், அந்த எடையைக் கூரைவரை கொண்டுபோய்க் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காற்று அடிக்கும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளே ஏறும் காற்றும் கூரையை மேலே தள்ளும். ஆளில்லாத குடிலில் அதை மூட யாரும் இல்லை. ஜன்னலுக்குப் பலகைக் கதவும் உறுதியான தாழ்ப்பாளும் திருடனுக்காக மட்டும் போடுவதில்லை.

தகரத் திருகு: வாஷர் ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரைதான் முறுக்க வேண்டும். நசுங்கித் தட்டையானால் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் வெடித்து ஒழுகும். இறவாணத்திலும் பக்க ஓரங்களிலும் முதல் இரண்டு ரீப்பருக்கு ஒவ்வொரு மேட்டிலும் ஒரு திருகு, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று.

---

ஈரக்கசிவு · #6

தகரத்துக்கு அடியில் படலம் போட மறக்க வேண்டாம். பூட்டிய குடிலில் இரவு தகரம் குளிரும், உள்காற்றின் ஈரம் அதன் அடியில் வியர்த்துச் சொட்டும். ஒழுகுகிறது என்று நினைத்து மேலே சிலிக்கானாகப் பூசிக்கொண்டிருப்பார்கள். தகரம், ஓர் அங்குலக் காற்று இடைவெளி, நீர் புகாத ஆனால் ஆவி போகும் படலம், அதன் கீழே பலகை. இடைவெளிக்கு இறவாணத்தில் ஒரு வாய், முகட்டில் ஒரு வாய், இரண்டிலும் 3 மி.மீ. துளையுள்ள கம்பி வலை. காட்டுத்தீ வரக்கூடிய இடத்தில் பறந்து வரும் தணலை அதே வலைதான் தடுக்கும்.

கூரையில் போடும் அதே யோசனை தரைக்கும் வேண்டும். தளத்தின் அடியில் 6 மி.மீ. கண் கொண்ட துத்தநாகம் பூசிய வலையை ஜாயிஸ்டுகளுக்கு (தரைப் பலகையைத் தாங்கும் மரங்கள்) கீழே முழுக்க அடியுங்கள். 6 மி.மீ.க்கு மேல் இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். உள்ளே புகுந்து கூடு கட்டுவது பெரும்பாலும் தெர்மாகோலிலோ கண்ணாடிப் பஞ்சிலோதான். வயர் நுழையும் ஓட்டைகளில் இரும்புப் பஞ்சைத் திணித்து அதன்மேல் சீலன்ட். சீலன்ட் மட்டும் என்றால் கடித்துவிடும்.

கரையான் இருக்கும் மண்ணானால் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஓரம் 45 டிகிரி கீழே மடித்த தகரத் தொப்பி. கரையானை அது கொல்லாது, ஆனால் தகரத்தைச் சுற்றித்தான் மண்குழாய் கட்ட வேண்டியிருக்கும், வரும்போதெல்லாம் ஒரு டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். 18 அங்குல உயரம் வைத்திருக்கிறீர்களே, குனிந்து பார்ப்பதற்கு அது வேண்டும். அழகுக்காகப் பக்கங்களைப் பலகையால் மூடிவிடாதீர்கள். தீ அபாயம் உள்ள இடத்தில் மூடித்தான் ஆக வேண்டும் என்றால் அதே 3 மி.மீ. வலையைக் கழற்றக்கூடிய சட்டத்தில் அடித்து வையுங்கள்.

---

வெயில்கணக்கு · #7

மின்சாரத்தில் முதலில் சுமையை எழுதுங்கள், பேனல் வாங்குவது அப்புறம். நீங்கள் தங்கும் ஒரு நாளுக்கு:

விளக்கு 3 × 5 வாட் × 5 மணி = 75
12 வோல்ட் மின்விசிறி 15 வாட் × 8 மணி = 120
இரண்டு கைபேசி = 30
மடிக்கணினி = 60
சிறிய 12 வோல்ட் குளிர்ப்பெட்டி = 350
கேமரா, மோடம் 5 வாட் × 24 மணி = 120

மொத்தம் 755 வாட்-மணி. வயர், கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பேட்டரி, தூசி, சூடு எல்லாவற்றிலும் போவதற்கு 0.75 ஆல் வகுத்தால் 1,007. வருடத்தின் மோசமான மாதத்தில் 3 மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 336 வாட். ஆக 200 வாட் பேனல் இரண்டு. பேட்டரி: இரண்டு நாள் வெயிலே இல்லாமல் ஓட 1,510, அதில் 80 சதவீதம்தான் பயன்படுத்துவோம் என்றால் 1,890. 12.8 வோல்ட் 150 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒட்டிப்போகும், 200 என்றால் நிம்மதி. இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பிரதேசமானால் குறைந்த வெப்பத்தில் தானே துண்டித்துக்கொள்ளும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

குளிர்ப்பெட்டியைத் தவிர்க்க முடிந்தால் இந்தக் கணக்கு பாதியாகும். அதைவிட மோசமானது, கண்ணுக்குத் தெரியாத இன்வெர்ட்டர். சும்மா ஆன் செய்து வைத்தாலே 10 வாட் தின்கிற இன்வெர்ட்டர் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி குடிக்கும். மேலே போட்ட மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வேலையும் செய்யாமல். எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் ஓட்டி, மடிக்கணினிக்கும் 12 வோல்ட் சார்ஜர் வாங்கி, இன்வெர்ட்டரைக் கருவி ஓட்ட மட்டும் சுவிட்ச் போட்டு வையுங்கள்.

இரண்டு பேனலையும் தொடராக இணையுங்கள். 15 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. வயரில், பக்க இணைப்பு என்றால் 20 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓடும், 1.75 வோல்ட் வழியிலேயே போகும், கிட்டத்தட்ட 9 சதவீதம். தொடரில் 40 வோல்ட், 10 ஆம்பியர், இழப்பு 2 சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் குளிரில் பேனலின் திறந்த வோல்ட் (சுமை எதுவும் இணைக்காதபோது காட்டுவது) ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். 24 + 24 = 48 வோல்ட் என்று பார்த்து 50 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கினால் உறைபனிக் காலையில் 53 வோல்ட் வந்து அது கருகும். 100 வோல்ட், 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. (பேனலின் முழுத் திறனையும் இழுக்கிற வகை) கன்ட்ரோலர், அதற்குக் குறைத்து வேண்டாம்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அதைத் தாண்டி வைத்தால் இடைப்பட்ட வயரைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆளில்லாத மரக்குடிலில் எலி கடித்த வயர் என்னவெல்லாம் செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது தலைகீழ்.

---

தாழ்ப்பாள் · #8

வேர்க்கால், அசையாத கிரில் நான்கு ஜன்னலுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள். ஒரே கதவு, அதன் பக்கத்தில் அடுப்பு, நான்கு ஜன்னலும் கம்பி. கதவுப் பக்கம் தீப்பிடித்தால் வெளியே போக வழியே இல்லை, உடைத்துக் காப்பாற்ற அக்கம்பக்கமும் இல்லை. படுக்கை இருக்கும் பக்கத்து ஜன்னலில் கிரில் உள்ளிருந்து சாவி இல்லாமல், இருட்டில் கைக்குப் பட்டாலே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். திறப்பு குறைந்தது அரை சதுர மீட்டர், அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. இரண்டு குறைந்த அளவையும் ஒன்றாக எடுத்தால் அரை சதுர மீட்டர் வராது, ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். ஜன்னலின் அடி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். வெளியே இழுத்தால் திறக்காத உள்தாழ்ப்பாள் போட்டால் பாதுகாப்பும் குறையாது.

மற்ற மூன்று ஜன்னலைச் சின்னதாக்குங்கள். 12 அங்குல உயரத்தில், இறவாணத்தை ஒட்டி, கிடைமட்டமாக நீளமாக. வெளிச்சமும் காற்றும் வரும், ஆள் நுழைவது கஷ்டம், அவற்றில் அசையாத கிரில் இருந்தாலும் பரவாயில்லை.

இனி பூட்டு. நகரத்து வீட்டில் பூட்டின் வேலை 3 நிமிடம் தாமதிப்பது, அதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே வருகிறவனுக்கு ஒரு முழு ராத்திரி இருக்கிறது. கிரைண்டர் சத்தம் கேட்கவும் ஆளில்லை. எந்தப் பூட்டும் அவனை நிறுத்தாது. அதனால் வரிசை இப்படி: முதலில் குடில் தடத்திலிருந்து தெரியாமல் இருப்பது, இரண்டாவது வண்டி பக்கத்தில் வர முடியாமல் செய்வது, மூன்றாவது உள்ளே எடுத்துப்போகத் தகுந்தது எதுவும் இல்லாமல் வைப்பது, கடைசியில்தான் பூட்டு. பெரும்பாலானவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

வண்டி பக்கத்தில் வராதது பெரிய விஷயம். ஜெனரேட்டரையும் பேட்டரியையும் 300 மீட்டர் தோளில் தூக்கிப்போக எவனுக்கும் மனம் வராது. கேட் போடுங்கள், இரண்டு பக்கமும் சுற்றிப் போக முடியாதபடி பள்ளமோ பாறையோ இருக்க வேண்டும். கேட்டின் மேல் கீலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இல்லாவிட்டால் பூட்டைத் தொடாமல் கேட்டையே தூக்கிக் கழற்றிவிடுவான். தடத்தின் குறுக்கே வெறும் சங்கிலியோ கம்பியோ கட்டாதீர்கள். இருட்டில் இரண்டு சக்கர வண்டியில் வருகிறவர் கழுத்தில் மாட்டும்.

கதவு: வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், உதைத்து உடைப்பது கடினம். பனி குவியும் இடத்தில் மட்டும் உள்பக்கமாக. வெளியே திறந்தால் கீலின் ஊசி வெளியில் இருக்கும், ஆகவே கீல் பக்கத்து ஓரத்தில் இரண்டு 10 மி.மீ. இரும்பு முளைகள், கதவு மூடும்போது நிலையின் துளைக்குள் போய் உட்காரும்படி. ஊசியை உருவினாலும் கதவு வராது. கீலுக்கு வரும் முக்கால் அங்குலத் திருகுகளைத் தூர எறிந்துவிட்டு 3 அங்குலத் திருகு போடுங்கள், அது நிலையைத் தாண்டிச் சுவர்ச் சட்டத்துக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். பூட்டின் நாக்கு விழும் தகட்டுக்கும் அதேதான். உதைத்தால் உடைவது பூட்டு இல்லை, அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் அரை அங்குல மரம்.

கொண்டி போட்டால் திருகு வேண்டாம், உருண்டைத் தலை போல்ட், நட் உள்பக்கம், பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு. பூட்டின் வளையம் வெளியே தெரியாத வகையாக இருந்தால் போல்ட் கட்டருக்கு வாய் கிடைக்காது.

---

நீர்க்கோடு · #9

தண்ணீர்க் கணக்கு யாரும் தரவில்லை. இறவாணம் ஒன்றரை அடி என்றால் கூரையின் நிழல் 15×19 அடி, 26.5 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 26 லிட்டர். 20 மி.மீ. மழை பெய்தால் தெறிப்பு, வழிவு போக 450 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க 20 லிட்டர் என்றால் இரண்டு பேர் 6 நாள் இருப்பதற்கு 240. 1,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும், மழையில்லாத மாதங்கள் நீளமாக இருந்தால் இரண்டு.

முதல் 1 மி.மீ. மழை கூரையைக் கழுவும், அது தொட்டிக்குள் போகக் கூடாது. 110 மி.மீ. குழாய் 1 மீட்டருக்கு 8.5 லிட்டர் பிடிக்கும், ஆக 3 மீட்டர் செங்குத்துக் குழாய் 25 லிட்டர். அடியில் மூடி, மூடியில் 2 மி.மீ. துளை, தானே சொட்டிக் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தத் துளை அடைத்துக்கொள்வதுதான் இதில் வரும் ஒரே தொல்லை, வரும்போதெல்லாம் மூடியைக் கழற்றிச் சேற்றைத் தட்டுங்கள்.

ஒளி புகும் வெள்ளைத் தொட்டியானால் கறுப்பு அடித்து, மேலே வெளிர் நிறம் பூசுங்கள். உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசி கிளம்பும். உள்வழி, நிரம்பி வழியும் வாய் இரண்டிலும் 1 மி.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள வலை, கொசு முட்டையிடாமல். நிரம்பிய தொட்டி 1 டன், அதைக் குடிலின் தளத்தில் ஏற்ற வேண்டாம், தனி மேடை கட்டுங்கள். 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் 0.2 பார் அழுத்தம்தான் வரும். சாதாரணக் குழாயில் மெதுவாக வரும், பரவாயில்லை, ஆனால் உடனடி வாட்டர் ஹீட்டர் வேலை செய்யாது.

குடிக்க: வடிகட்டி, பிறகு நன்றாகக் கொதித்து 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே உயரமானால் 3 நிமிடம். குழிக் கழிப்பறை எந்த நீர்நிலையிலிருந்தும் 30 மீட்டராவது தள்ளி, நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம்.

---

வேர்க்கால் · #10

கிரில்லை மாற்றிவிட்டேன். படுக்கை ஜன்னல் 24×36 அங்குலம், உள்ளிருந்து திறக்கும். மற்ற மூன்றும் மேலே, 12 அங்குல உயரம்.

இரண்டு கேள்வி. பேனலைக் கூரைமேல் வைத்தால் திருட்டுக்கு நல்லதா, தரையில் வைத்தால் வெயிலுக்கு நல்லதா? அலாரம் வைத்துப் பயனுண்டா, கேட்கத்தான் ஆளில்லையே?

---

வெயில்கணக்கு · #11

கூரைதான். தலை முறிந்துபோகும் நட் போட்டு இறுக்கினால் ஸ்பானரில் வராது. கூரைச் சாய்வு வெயில் பக்கம் திரும்பும்படி குடிலையே முதலில் திருப்பி வையுங்கள், நில நடுக்கோட்டை நோக்கி. மர நிழல் ஒரு பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் அதன் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி நின்றுபோகும். காலை 9 முதல் பிற்பகல் 3 வரை நிழல் விழாத இடம் என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே குளிர்காலச் சூரியனை வைத்துப் பாருங்கள். கோடையில் பார்த்து ஏமாந்துவிடுவது சுலபம்.

---

தாழ்ப்பாள் · #12

அலாரம் வெளியே கேட்பதற்கு இல்லை. 110 டெசிபல் சைரன் இரண்டை உள்ளே, கைக்கு எட்டாத உயரத்தில், வலைக்குள் வைத்தால் 12×16 அறையில் நின்று நிதானமாகத் தேட முடியாது. அவனுடைய நேரத்தைக் குறைக்கிற ஒரே பொருள் அதுதான்.

கேமரா விஷயத்தில் தவறுகள் வாடிக்கையானவை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி உள்ளது இரவில் சிவப்பாக மினுங்கும், எதிரில் நிற்பவன் பார்த்துவிடுவான். 940 என்றால் தெரியாது, பதிலுக்கு எட்டும் தூரம் குறையும். 9, 10 அடி உயரத்தில் கீழே பார்த்தபடி கட்டுங்கள். கிழக்கு மேற்கு நோக்கி வைத்தால் காலை மாலை வெயிலில் படம் வெளுத்துவிடும். முன்னால் ஆடுகிற புல், கிளை எல்லாம் வெட்டுங்கள், காற்றில் ஆடும் ஒரு கொடி மெமரி கார்டை ஒரே வாரத்தில் நிரப்பும். முதல் கேமரா தடத்தில், இரண்டாவது அந்த முதல் கேமராவைப் பார்த்தபடி.

பொறி, கண்ணி, கதவைத் திறந்தால் வெடிக்கிற மாதிரி எதுவும் வைக்கக் கூடாது. பல நாடுகளில் அது குற்றம். மழைக்கு ஒதுங்க வந்தவரோ தீயணைக்க வந்தவரோ அதில் மாட்டுவார்.

---

ஈரக்கசிவு · #13

தீ என்றதும் விறகு ஞாபகம் வருகிறது. தளத்தின் அடியில் மழை படாத இடம் என்று அடுக்கி வைப்பார்கள். குடிலின் கீழே நீங்களே அடுக்கிய சிதை அது. விறகு 10 மீட்டர் தள்ளி, தனிக் கூரையில். குடிலைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு ஜல்லி மட்டும், செடி, சருகு, பாய் எதுவும் வேண்டாம்.

விறகடுப்பு வைத்தால்: கவசம் இல்லாத அடுப்புக்கும் மரச் சுவருக்கும் 36 அங்குலம், ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்கும் சுவருக்கும் 18. புகைக்குழாய் கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடி மேலே போக வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரமாக. 192 சதுர அடி அறை மிகச் சிறியது, அடுப்பு எரிக்கும் காற்றுக்கு வெளியிலிருந்து தனித் துளை வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

---

கைமரம் · #14

கட்டும் காலத்துத் திருட்டைச் சேர்க்கிறேன், முடிந்த குடிலைவிட முடியாத குடிலிலிருந்துதான் நிறையப் போகும். எல்லாப் பொருளையும் ஒரே லாரியில் இறக்காதீர்கள். தூண் வேலை முடிந்த பிறகு மரம். மரம் இறங்கிய நாளிலிருந்து கதவு பூட்டும் நாள் வரை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் சட்டம், பலகை, கூரை, கதவு. சுவர்ச் சட்டங்களை வீட்டிலேயே 8 அடித் துண்டுகளாக அடித்து எண் போட்டுக் கொண்டுபோனால் இரண்டு பேர் 3, 4 நாளில் நிறுத்திவிடலாம். பேட்டரி, பேனல், இன்வெர்ட்டர் எல்லாம் கதவு பூட்டிய பிறகு, கடைசிப் பயணத்தில்.

சுவரில் 12 மி.மீ. ப்ளைவுட்டை வெளியே முழுக்க அடிக்க வேண்டும், ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று. சுவர் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது அந்த ஆணிகள்தான். மூலையை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அடித்த குடில் காற்றில் சாய்சதுரமாகும்.

---

வேர்க்கால் · #15

பூட்டிவிட்டுக் கிளம்பும்போது செய்ய வேண்டியவற்றை ஒருவர் சொன்னால் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுவேன்.

---

நீர்க்கோடு · #16

தொட்டி வால்வை மூடிக் குழாய்களைத் திறந்து வடிய விடுங்கள். உறையும் இடமானால் தொட்டிக்கும் குடிலுக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த புள்ளியில் ஒரு வடிவால்வு வைத்தால்தான் முழுக்க வடியும். எரிவாயு சிலிண்டர் வெளியேதான் இருக்க வேண்டும், ரெகுலேட்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போங்கள்.

---

வெயில்கணக்கு · #17

குளிர்ப்பெட்டியைக் காலி செய்து, துடைத்து, கதவில் ஒரு கட்டை வைத்துத் திறந்தே விடுங்கள், மூடினால் பூஞ்சை. இன்வெர்ட்டர் ஆஃப். மோடம், கேமரா, சைரன் தவிர மற்ற ஃபியூஸ்களைக் கழற்றுங்கள். அந்த மூன்றுக்கும் நாளைக்கு 120 வாட்-மணி என்றால் வெயிலே இல்லாமலும் 200 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும், அதனால் பேட்டரியைப் பற்றிக் கவலையில்லை. மூன்றையும் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் போவதானால் மட்டும் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் வைத்து, பேனலையும் துண்டித்துவிட்டுப் போங்கள்.

---

ஈரக்கசிவு · #18

மெத்தையைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் குத்தாக நிறுத்துங்கள். தானியம், சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் தகர டப்பாவில், சுண்டெலி மெழுகையும் தின்னும். சாம்பலை இரும்பு வாளியில் மூடி வெளியே ஜல்லிமேல் வையுங்கள், அணைந்தது போல் தெரியும் சாம்பலில் நாள் கணக்கில் கங்கு இருக்கும்.

---

தாழ்ப்பாள் · #19

திரைச்சீலையை மூடுவதா திறப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பலகைக் கதவை மூடிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. சாவியைக் கல்லுக்கு அடியிலோ கதவு நிலையின் மேலேயோ வைக்காதீர்கள், முதலில் கை போகும் இரண்டு இடமும் அவைதான். கருவிகளின் வரிசை எண்ணைப் படமெடுத்து வீட்டில் வையுங்கள். காப்பீடு எடுத்திருந்தால் தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்ற விதியைப் படித்து, அந்த நாள் கணக்கையும் கதவில் ஒட்டும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.